ஒட்டாமல் இருக்கத் தெரிந்த மூலக்கூறு

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் அறை எடுத்துத் தங்குபவர்களில் சிலர் மகரகமவுக்காக வந்தவர்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்து, அபேக்ஷா வைத்தியசாலையில் தங்கள் திகதிக்காகக் காத்திருப்பவர்கள். தெல்லிப்பளையில் புற்றுநோய் வைத்தியசாலை திறக்கப்பட்ட பின்னரும் இந்தப் பயணம் முற்றாக நின்றுவிடவில்லை. “நாளைக்கு மருந்து ஏத்துறாங்கள்” என்று ஊருக்குத் தொலைபேசியில் சொல்வார்கள். ஏற்றிய பின் என்ன வரும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்: குமட்டல், வாய்ப்புண், தலைமயிர் கொட்டுதல், இரத்தத்தில் வெண்குருதிக் கலங்கள் குறைதல்.

அந்த மருந்துகள் பலவற்றின் இலக்கு டி.என்.ஏ.தான். சிஸ்பிளாற்றின் என்பது பிளாற்றினம் அணு ஒன்றைச் சுற்றி அமைந்த சிறு மூலக்கூறு. அது டி.என்.ஏ.யிலுள்ள குவானின் என்ற மூலத்தில் ஒட்டி, அயலிலுள்ள இன்னொரு குவானினையும் சேர்த்துக் கட்டிவிடும். டொக்சோரூபிசின் தட்டையான மூலக்கூறு. இரட்டைச் சுருளின் படிகளுக்கிடையே நுழைந்து, டி.என்.ஏ.யை வெட்டி மீண்டும் ஒட்டுகின்ற நொதியத்தை வெட்டிய நிலையிலேயே நிறுத்திவிடும். இரண்டும் எத்தனையோ உயிர்களைக் காத்தவை. ஆனால், அது யாருடைய டி.என்.ஏ. என்று இரண்டும் பார்ப்பதில்லை. மயிர்வேரில், குடலின் உட்சுவரில், என்பு மச்சையில் வேகமாகப் பிரியும் நல்ல கலங்களும் சேர்ந்தே அடி வாங்குகின்றன.

இந்த அத்தியாயம் வேறொரு தேடலைப் பற்றியது. டி.என்.ஏ. எப்போதும் இரட்டைச் சுருளாக இருப்பதில்லை. சில இடங்களில் அது வேறு விதமாக மடிகிறது. அந்த மடிப்பை மட்டும் அடையாளம் கண்டு பிடிக்கும் சிறு மூலக்கூறு ஒன்றைச் செய்ய முடிந்தால், சுருள் முழுவதையும் தாக்காமல் புற்றுக்கலத்தை வீழ்த்தலாமா? 1990களிலிருந்து இரசாயனவியலாளர் கேட்டுவரும் கேள்வி இது. மடிப்பில் ஒட்டும் மூலக்கூறு சில ஆண்டுகளிலேயே கிடைத்துவிட்டது. அதன் பின் வந்த காலமெல்லாம், எதில் ஒட்டாமல் இருக்க வேண்டும், யாருடைய உடலில் வேலை செய்யாமல் இருக்க வேண்டும் என்பதை அந்த மூலக்கூறுக்குப் பழக்குவதில் செலவானது.

நான்கு குவானின்கள் சேர்ந்தால்

உயர்தர உயிரியல் படித்த எவருக்கும் ஏ-க்கு ரி, ஜி-க்கு சி என்ற சோடி மனப்பாடம். 1953இல் வாட்சனும் கிரிக்கும் கேம்பிரிட்ஜில் முன்வைத்த இரட்டைச் சுருளின் அடிப்படை அதுதான். ஆனால் குவானினுக்கு, அதாவது ஜி-க்கு, இரண்டு பக்கங்கள் உண்டு. ஒரு பக்கம் சி-யோடு ஐதரசன் பிணைப்புகளை அமைக்கிறது. மற்றப் பக்கம் இரட்டைச் சுருளில் வேலையின்றி வெளியே தெரிகிறது. சிஸ்பிளாற்றின் வந்து ஒட்டுகின்ற நைதரசன் அணுவும் அந்தப் பக்கத்தில்தான் உள்ளது.

இரண்டு பக்கங்களும் ஒரே நேரத்தில் பயன்பட்டால் என்ன ஆகும்? ஒரு குவானின் தன் ஒரு பக்கத்தால் அடுத்த குவானினின் மறு பக்கத்தைப் பிடிக்கும். அது அடுத்ததைப் பிடிக்கும். நான்காவது திரும்பி வந்து முதலாவதைப் பிடிக்கும். நான்கு குவானின்கள், எட்டு ஐதரசன் பிணைப்புகள், ஒரு தட்டையான சதுரம். இப்படிப்பட்ட சதுரங்கள் இரண்டு, மூன்று, நான்கு ஒன்றின்மேல் ஒன்றாக, நம் வீடுகளில் இடியப்பத் தட்டுகள் அடுக்குவது போல, அடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும் நான்கு ஒட்சிசன் அணுக்கள் உள்நோக்கி நிற்கின்றன. அவற்றின் மறை ஏற்றம் ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளுதலைத் தீர்ப்பது பொற்றாசியம் அயன். அது இரண்டு தட்டுகளுக்கிடையே போய் அமர்ந்து, மேலே நான்கும் கீழே நான்குமாக எட்டு ஒட்சிசன்களைப் பிடித்துக்கொள்கிறது. சோடியமும் ஓரளவு உதவும். இலிதியம் உதவாது. நம் கலங்களுக்குள் பொற்றாசியம் தாராளமாக இருப்பதால், மடிப்புக்கு வேண்டிய சூழல் அங்கே தயாராகவே இருக்கிறது.

இதன் பெயர் ஜி-குவாட்ருப்ளெக்ஸ். இங்கே நாலிழை மடிப்பு என்று சொல்லிக்கொள்வோம்.

இதன் முதல் தடயம் இரட்டைச் சுருளை விடப் பழையது. குவானிலிக் அமிலத்தின் செறிந்த கரைசல் களியாக உறைவதை 1910இலேயே ஐவர் பாங் கவனித்திருந்தார். ஏன் உறைகிறது என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. 1962இல் அமெரிக்காவில் மார்ட்டின் ஜெல்லர்ட், மேரி லிப்செற், டேவிட் டேவிஸ் மூவரும் ஊடுகதிர்ச் சோதனையின் உதவியோடு அந்தக் களிக்குள் நான்கு குவானின் சதுரம் இருப்பதைக் கண்டார்கள். அதற்குப் பிறகும் கால் நூற்றாண்டு அது ஒரு சோதனைக்குழாய் விந்தையாகவே கிடந்தது. 1988இல் ஹார்வட்டில் தீபங்கர் சென்னும் வால்ரர் கில்பேர்ட்டும், குவானின் நிறைந்த டி.என்.ஏ. இழைகள் உடலில் காணப்படும் உப்புச் சூழலிலேயே நாலிழையாகச் சேர்வதைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே, நிறமூர்த்தங்களின் நுனியிலுள்ள டி.என்.ஏ. இப்படி மடியும் என்று இரண்டு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியாக அறிவித்தன. ஒன்றில் வெஸ்லி சண்ட்குவிஸ்ற்றும் ஆரன் குளூக்கும். மற்றதில் ஜேம்ஸ் வில்லியம்சன், எம். கே. இரகுராமன், தோமஸ் செக்.

முதல் இலக்கு: நிறமூர்த்த நுனி

நிறமூர்த்தத்தின் நுனிக்கு டெலோமியர் என்று பெயர். மனிதரில் அது ரிரிஏஜிஜிஜி என்ற ஆறு எழுத்துகள் ஆயிரக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வரும் நீண்ட வால். கலம் ஒவ்வொரு முறை பிரியும்போதும் அது சற்றுக் குட்டையாகிறது. மிகவும் குட்டையானதும் கலம் பிரிவதை நிறுத்திவிடும். புற்றுக்கலங்களில் 10இல் 8, 9 இந்தத் தடையை டெலோமரேஸ் என்ற நொதியத்தை மீண்டும் இயக்கித் தாண்டுகின்றன. அந்த நொதியம் தேய்ந்த வாலை நீட்டிக்கொண்டே இருக்கும்.

1991இல் அலன் சாலர், செக் உள்ளிட்ட குழு ஒரு முக்கியமான தகவலைத் தந்தது: வால் நாலிழையாக மடிந்திருந்தால் டெலோமரேஸால் அதைப் பிடித்து நீட்ட முடியவில்லை. மருந்து தேடுபவர்களுக்கு இது போதுமான துப்பு. நொதியத்தைத் தாக்க வேண்டியதில்லை. அது பிடிக்க வேண்டிய நுனியை மடித்து வைத்துவிட்டால் போதும். 1997இல் இலண்டனில் ஸ்டீபன் நீடிலும் அமெரிக்காவில் லோரன்ஸ் ஹேர்லியும் சேர்ந்து, நாலிழை மடிப்பை உறுதியாக்கி டெலோமரேஸைத் தடுக்கும் முதல் சிறு மூலக்கூறை வெளியிட்டார்கள்.

2001இல் ஜப்பானில் கசுவோ ஷின்-யாவின் குழு, மண்ணில் வாழும் ஸ்ரெப்ரோமைசிஸ் வகை பக்றீரியாவிலிருந்து டெலோமெஸ்ராற்றின் என்ற சேர்வையைப் பிரித்தெடுத்தது. எந்த மனிதரும் வடிவமைக்காத அந்த மூலக்கூறு குவானின் சதுரத்தின் அளவுக்கே பொருந்துகின்ற ஒரு தட்டை வளையம். நாலிழையை அது மிக இறுக்கமாகப் பிடித்தது. ஆனால் ஆய்வுகூடத்தில் அதைச் செய்து எடுப்பது பெரும்பாடு, நீரில் நன்றாகக் கரையவும் மாட்டாது. மருந்தாக நேரே பயன்படுத்த முடியாவிட்டாலும், என்ன வடிவம் வேண்டும் என்பதை இரசாயனவியலாளருக்கு அது காட்டிக்கொடுத்தது.

இந்த முதல் திட்டத்தில் ஒரு நடைமுறைக் குறையும் இருந்தது. நுனியை மூடினாலும் வால் ஒரே நாளில் தேய்ந்துவிடாது. கலம் பல தடவைகள் பிரிய வேண்டும். வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கட்டி அதுவரை சும்மா இருக்காது.

தட்டுக்கேற்ற மூடி

மூலக்கூறு எப்படி வடிவமைக்கப்படுகிறது என்று பார்க்க இது நல்ல இடம். 2002இல் கரி பார்க்கின்சன், மைக்கல் லீ, நீடில் மூவரும் மனித டெலோமியர் நாலிழையின் பளிங்கு அமைப்பைப் பொற்றாசியத்தோடு சேர்த்து வெளியிட்டார்கள். அதன் பின் இலக்கு கணினித் திரையில் அணு அணுவாகத் தெரிந்தது.

அடுக்கின் மேல் தட்டு திறந்து கிடக்கிறது. அதன் அகலம் ஏறத்தாழ ஒரு நனோமீற்றர். அதை மூடுவதற்கு அரோமற்றிக் வளையங்களால் ஆன தட்டையான மூடி ஒன்று வேண்டும். மூடி சிறிதாக இருந்தால் டொக்சோரூபிசின் போல இரட்டைச் சுருளின் படிகளுக்கிடையிலும் நுழைந்துவிடும். படிகளுக்கிடையே உள்ள தூரம் 0.34 நனோமீற்றர், அதற்குள் ஒரு தட்டைத் துண்டு செருகுவது எளிது. ஆகவே மூடி, நாலிழையின் தட்டை மறைக்கும் அளவுக்கு அகலமாகவும், சுருளின் இரண்டு இழைகளுக்கிடையே இடங்கொள்ளாத உருவத்தோடும் இருக்க வேண்டும். நடுவில் நேர் ஏற்றம் அல்லது இலத்திரன் குறைந்த பகுதி இருந்தால், உள்நோக்கி நிற்கும் ஒட்சிசன்கள் அதை விரும்பும். அந்த இடத்தில் மருந்து பொற்றாசியத்தின் வேலையையே செய்கிறது. ஓரங்களில் அமீன் முடிந்த பக்கச்சங்கிலிகள் வேண்டும். உடலின் நீரில் அவை நேர் ஏற்றம் பெற்று, நாலிழையின் பள்ளங்களுக்குள் இறங்கி, அங்குள்ள மறை ஏற்றப் பொசுபேற்றுகளைப் பிடித்துக்கொள்ளும்.

இந்த மூன்று விதிகளையும் எழுதுவது எளிது. ஒவ்வொன்றும் மற்றதோடு முரண்படுகிறது என்பதுதான் சிக்கல். அகலமான தட்டை வளையங்கள் நீரில் கரைவதில்லை. ஏற்றம் கூடினால் கரையும், ஆனால் கொழுப்பாலான கலமென்சவ்வைக் கடக்காது. ஆரம்பகால மூலக்கூறுகள் ஒவ்வொன்றும் இதில் ஏதாவதொரு பக்கம் சறுக்கின. போர்பிரின் குடும்பத்து ரி.எம்.பி.வை.பி4 நாலிழையை நன்றாகப் பிடித்தது. இரட்டைச் சுருளையும் நன்றாகவே பிடித்தது. நீடில் குழுவின் பிராகோ-19 என்ற அக்ரிடீன் சேர்வை சுண்டெலிகளில் கட்டியைச் சுருக்கியது, ஆனால் மென்சவ்வைக் கடப்பதில் பின்தங்கியது.

புதிய மூலக்கூறு ஒன்று கிடைத்தால் முதலில் அதை உருக்கிப் பார்ப்பார்கள். மடிந்த டி.என்.ஏ. துண்டொன்றின் இரு முனைகளிலும் ஒளிரும் சாயம் பூட்டப்படும். சூடாக்க மடிப்பு அவிழும், முனைகள் விலகும், ஒளிர்வு மாறும். மூலக்கூறு சேர்த்த பிறகு அவிழும் வெப்பநிலை எவ்வளவு உயர்கிறது என்பதே அதன் பிடியின் அளவு. இதே குழாயில் இன்னொரு சோதனை கட்டாயம் நடக்கும். சாதாரண இரட்டைச் சுருள் டி.என்.ஏ.யைப் பல மடங்கு கொட்டிப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகும் மூலக்கூறு நாலிழையை விடாமல் பிடித்திருந்தால்தான் அடுத்த கட்டம். பிடிக்காத மூலக்கூறுகள் போனதை விட, கண்டதையெல்லாம் பிடித்த மூலக்கூறுகள் குப்பைக்குப் போனதே அதிகம்.

சென்னையில் பிறந்தவரின் இரண்டு வேலைகள்

சங்கர் பாலசுப்பிரமணியன் 1966இல் சென்னையில் பிறந்தார். அடுத்த ஆண்டே பெற்றோரோடு இங்கிலாந்துக்குப் போய், வடமேற்கே செஷயரில் வளர்ந்தார். கேம்பிரிட்ஜில் படித்து, அங்கேயே கலாநிதிப் பட்டமும் பெற்று, அமெரிக்காவில் சில காலம் பணியாற்றிவிட்டு, 1990களின் நடுவில் கேம்பிரிட்ஜின் இரசாயனவியல் துறைக்கே விரிவுரையாளராகத் திரும்பினார். உலகம் அவரை அறிந்தது வேறொரு காரணத்துக்காக. 1997இல் சக பேராசிரியர் டேவிட் கிளெனர்மனோடு ஒரு மதுச்சாலையில் பேசிக்கொண்டிருந்தபோது உருவான எண்ணத்திலிருந்து, டி.என்.ஏ.யின் எழுத்துகளைக் கோடிக்கணக்கில் ஒரே நேரத்தில் வாசிக்கும் முறை பிறந்தது. 1998இல் அவர்கள் தொடங்கிய சொலெக்ஸா நிறுவனத்தை 2007இல் இலுமினா வாங்கியது. இன்று உலகின் பெரும்பாலான டி.என்.ஏ. வாசிப்பு அந்த முறையில்தான் நடக்கிறது. 2017இல் அவருக்கு சேர் பட்டம் கிடைத்தது.

அவருடைய ஆய்வுகூடத்தின் மற்றைய பாதி நாலிழை மடிப்புகளில் இறங்கியிருந்தது. முதற் கேள்வி, எத்தனை இருக்கின்றன? 2005இல் அவரும் ஜூலியன் ஹப்பேர்ட்டும் மனித மரபுத்தொகுதியின் 300 கோடி எழுத்துகளைக் கணினியால் தேடி, நாலிழையாக மடியக்கூடிய ஏறத்தாழ 3,76,000 இடங்களைக் கண்டார்கள். அவை கண்டபடி சிதறிக் கிடக்கவில்லை. பரம்பரையலகுகளை இயக்கி நிறுத்தும் பகுதிகளில் 40 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் குறைந்தது ஒன்றாவது இருந்தது. புற்றுநோயில் மீண்டும் மீண்டும் பேசப்படும் மிக் என்ற பரம்பரையலகு இதற்கு நல்ல உதாரணம். அதன் முன்பகுதியிலுள்ள, 27 எழுத்து நீளமான குவானின் நிறைந்த ஒரு துண்டு, மிக் இயங்குவதில் 80 முதல் 90 சதவீதத்தைக் கட்டுப்படுத்துகிறது. அந்தத் துண்டு நாலிழையாக மடிந்து, மிக்கை அடக்கி வைக்கும் ஆளியாகச் செயற்படலாம் என்று 2002இல் ஹேர்லியின் குழு காட்டியிருந்தது. டெலோமியரோடு நின்ற வேட்டை இப்படித்தான் மரபுத்தொகுதி முழுவதற்கும் பரவியது.

2015இல் பாலசுப்பிரமணியனின் இரண்டு வேலைகளும் சந்தித்தன. டி.என்.ஏ. வாசிக்கும் இயந்திரத்தில் மனித டி.என்.ஏ.யை ஏற்றி, மடிப்பு உருவாகாத சூழலில் ஒரு தடவையும் உருவாகும் சூழலில் இன்னொரு தடவையும் வாசித்தார்கள். மடிப்பு வந்த இடத்தில் வாசிப்பு தடுமாறியது. தடுமாறிய இடங்களை எண்ணியபோது 7,16,310 வந்தது, கணினி எதிர்பார்த்ததைப் போல ஏறத்தாழ இரு மடங்கு.

மருந்து வடிவமைப்பவருக்கு இந்த எண் கலக்கம் தருவது. ஏழு இலட்சம் இலக்குகள் என்பது இலக்கே இல்லை என்பதற்குச் சமம். 2016இல் வந்த விடை சற்று ஆறுதல் தந்தது. உயிருள்ள கலத்தில் டி.என்.ஏ. வெறுமனே கிடப்பதில்லை, புரதங்களில் சுற்றி இறுக்கமாகப் பொதிந்திருக்கிறது. அந்த நிலையில் உண்மையில் மடிந்திருப்பவற்றை எண்ணியபோது, முடிவின்றிப் பிரியும் தோற்கல வகை ஒன்றில் ஏறத்தாழ 10,000 மட்டுமே இருந்தன. இயல்பான தோற்கலங்களில் அது ஏறத்தாழ 1,500ஆகக் குறைந்தது. மடிய வல்லவை எல்லாம் மடிவதில்லை. தீவிரமாக இயங்கும் பரம்பரையலகுகளின் அருகே, பொதி தளர்ந்த இடங்களில்தான் மடிப்புகள் காணப்படுகின்றன. புற்றுக்கலம் அப்படிப்பட்ட இடங்களை அதிகம் வைத்திருக்கும்.

இதற்கிடையே 2013இல், மடிப்புகள் மனிதக் கலத்தில் உண்மையிலேயே இருக்கின்றனவா என்ற பழைய சந்தேகமும் பெருமளவு தீர்ந்தது. ஜூலியா பிஃபியும் பாலசுப்பிரமணியனும் சக ஆய்வாளரும், நாலிழையை மட்டும் பிடிக்கும் பிறபொருளெதிரி ஒன்றை உருவாக்கி, அதற்கு பி.ஜி.4 என்று பெயரிட்டு, கலத்தின் கருவுக்குள் அது ஒளிரும் புள்ளிகளைப் படமெடுத்தார்கள். கலம் தன் டி.என்.ஏ.யைப் பிரதியெடுக்கும் கட்டத்தில் புள்ளிகள் கூடின. அடுத்த ஆண்டு, மனிதரின் இரைப்பைப் புற்று, ஈரற் புற்று இழையங்களில் அயலிலுள்ள நல்ல இழையத்தை விட அதிக புள்ளிகள் தெரிந்தன.

முறிவும் செப்பனிடலும்

அதே ஆய்வுகூடம் செய்த மூடியின் பெயர் பிரிடோஸ்ராற்றின். 2008இல் வெளிவந்த இது, பிரிடீன் வளையம் ஒன்றின் இரு பக்கமும் குவினோலின் வளையங்களைக் கொண்டது. ஓரங்களில் மூன்று அமீன் சங்கிலிகள். முழுமையாக விறைத்த தட்டல்ல, சற்று வளைந்துகொடுக்கும். அந்த வளைவுதான் இரட்டைச் சுருளின் படிகளுக்குள் அது செருகுவதைத் தடுக்கிறது. இதைக் கலத்துக்குள் விட்டபோது என்ன நடந்தது என்பதை 2012இல் ஸ்டீவ் ஜாக்சனின் குழுவோடு சேர்ந்து ஆராய்ந்தார்கள். டி.என்.ஏ. முறிந்தது. முறிந்த இடங்களை வரைபடமாக்கியபோது, நாலிழை எழுத்துத்தொடர்கள் நிறைந்த பரம்பரையலகுகள் அங்கே இருந்தன.

காரணம் இதுதான். டி.என்.ஏ.யைப் பிரதியெடுக்கும் இயந்திரம் இழையை அவிழ்த்துக்கொண்டே முன்னேறுகிறது. வழியில் நாலிழை மடிப்பு குறுக்கிட்டால், ஹெலிகேஸ் என்ற நொதியங்கள் வந்து அவிழ்த்துவிடும். மேலே மருந்து மூடியிருந்தால் அவிழ்க்க முடியாது. இயந்திரம் நிற்கும், நின்ற இடத்தில் இழை முறியும். நல்ல கலம் இதைத் தாங்கிக்கொள்ளும், ஏனென்றால் முறிவைப் பிழையின்றிச் செப்பனிடும் ஆற்றல் அதற்கு உண்டு. அந்தச் செப்பனிடலில் பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 என்ற இரண்டு பரம்பரையலகுகளின் புரதங்கள் முன்னணியில் நிற்கின்றன.

மார்பகப் புற்றிலும் சூலகப் புற்றிலும் ஒரு பங்கு, இவற்றில் ஒன்றைப் பறிகொடுத்ததால் வருபவை. அந்தக் கலங்கள் செப்பனிடும் கருவி இல்லாமல் வாழ்கின்றன. 2016இல் ஒக்ஸ்ஃபோர்டில் மடலேனா தார்சூனஸின் குழு, பி.ஆர்.சி.ஏ. இழந்த கலங்கள் பிரிடோஸ்ராற்றினால் சாவதையும், அந்தக் குறையில்லாத கலங்கள் பெரும்பாலும் தாக்குப்பிடிப்பதையும் காட்டியது. இதே பலவீனத்தைத் தாக்கும் ஒலாபரிப் என்ற மருந்து 2014இலேயே பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. ஒலாபரிப்புக்குப் பழகி அதை எதிர்த்து நின்ற சில கலங்களும் பிரிடோஸ்ராற்றினுக்கு அடங்கின என்பதுதான் புதிய செய்தி.

முன்பெல்லாம் புற்றுக்கலத்தில் மட்டுமே உள்ள நாலிழை ஒன்றைப் பிடிக்கும் மூலக்கூறு வேண்டும் என்று தேடினார்கள். அது கிடைக்கவில்லை; கிடைப்பதும் கடினம், ஏனென்றால் எல்லா நாலிழைகளுக்கும் மேல் தட்டு ஒரே மாதிரியானதுதான். இப்போது நல்ல கலத்தின் மடிப்பையும் மூலக்கூறு பிடிக்கட்டும், ஆனால் அதனால் சாகக் கூடியது செப்பனிடத் தெரியாத கலமாக மட்டும் இருக்கட்டும் என்று சிந்திக்கிறார்கள். தெரிவின் ஒரு பகுதி மூலக்கூறிலிருந்து நோயாளியின் பரம்பரையலகுக்கு இடம் மாறியிருக்கிறது.

மனிதரிடம் சோதித்தபோது

மனிதரில் முதலில் சோதிக்கப்பட்ட நாலிழை மருந்து குவார்ஃபுளோக்சின். நரம்புச்சுரப்புக் கட்டிகளில் இரண்டாம் கட்டம் வரை போய், உடலில் போதிய அளவு சேராததால் நின்றுபோனது. அதை உருவாக்கிய அதே நிறுவனத்திடமிருந்து வந்தது சி.எக்ஸ்-5461. இது ஆரம்பத்தில் நாலிழைக்காகச் செய்யப்பட்டதே அல்ல; வேறொரு நொதியத்தைத் தடுப்பதற்காகச் செய்யப்பட்டது. 2017இல் கனடாவில் சாமுவேல் அப்பரிசியோவின் குழு, அது நாலிழைகளை உறுதியாக்குவதையும் பி.ஆர்.சி.ஏ. இழந்த கட்டிகளைக் கொல்வதையும் கண்டது. 2022இல் வெளியான கனடியச் சோதனையில் 40 நோயாளிகள் பங்குபற்றினார்கள். ஏறத்தாழ 14 சதவீதத்தினரில் கட்டி சுருங்கியது. பெரும்பாலும் அவர்கள் செப்பனிடும் பரம்பரையலகு பழுதுபட்டவர்கள். பெரிய தொல்லை, ஒளி பட்டால் தோலும் கண்ணும் பாதிக்கப்படுவது.

கோட்பாடு மனித உடலில் தலைகாட்டியது என்று இதைச் சொல்லலாம். ஆனால் 2020இல் வெளியான ஓர் ஆய்வு, சி.எக்ஸ்-5461 கலத்தைக் கொல்வதற்கு முக்கிய காரணம் நாலிழை அல்ல, டொக்சோரூபிசின் சிக்க வைக்கும் அதே வெட்டி ஒட்டும் நொதியத்தைச் சிக்க வைப்பதுதான் என்று வாதிட்டது. 2024இல் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த செய்தி இன்னும் கடுமையானது: வளர்ப்புக் கலங்களில் அந்த மருந்து மிகப் பெருமளவில் டி.என்.ஏ. விகாரங்களை உண்டாக்குகிறது. பி.ஆர்.சி.ஏ. குறை உள்ள கலங்களில் மட்டுமல்ல, இல்லாதவற்றிலும். புற்றைக் கொல்லும் மருந்தே நாளை புதிய புற்றுக்கு விதையாகலாம் என்றால், எந்த நோயாளிக்கு, எவ்வளவு காலம் என்பதை மிகக் கவனமாக எடைபோட வேண்டும்.

நீடிலின் ஆய்வுகூடம் வேறு வழியில் போனது. நப்தலீன் டைஇமைட் என்ற தட்டைக் கருவைச் சுற்றிப் பல ஆண்டுகளாக மூடிகளை மாற்றி மாற்றிச் செய்து, சதையிப் புற்றுக்கு எதிராகச் சுண்டெலிகளில் நன்றாக வேலை செய்த ஒன்றுக்கு எஸ்.ஓ.பி.1812 என்று பெயரிட்டது. சதையிப் புற்றை அவர்கள் தெரிவுசெய்ததற்குக் காரணம் உண்டு. அதை இயக்கும் பரம்பரையலகுகள் பலவற்றில் நாலிழை இடங்கள் உள்ளன, இருக்கும் சிகிச்சைகளோ மிகக் குறைவு. கியூ.என்-302 என்ற பெயரில் அதன் முதற்கட்ட மனிதச் சோதனை 2023இல் அமெரிக்காவில் தொடங்கியது. இந்த வரிகள் எழுதப்படும் வரை, நாலிழைக்கென்றே வடிவமைக்கப்பட்ட எந்த மருந்தும் விற்பனைக்கு அனுமதி பெறவில்லை.

நம் பக்கத்தில்

இந்தத் துறையில் இந்தியாவின் பங்கு கணிசமானது. கொல்கத்தாவின் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஜோதிர்மயி தாஷ், மிக்கின் நாலிழையைப் பிடித்து அதை அடக்கும் மூலக்கூறுகளைச் செய்துவருகிறார். பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் சாந்தனு பட்டாச்சார்யாவின் குழு பென்சிமிடசோல் குடும்பத்து மூடிகளை ஆராய்ந்தது. டில்லியில் சாந்தனு சௌத்ரியின் குழு 2021இல் தந்த முடிவு குறிப்பிடத்தக்கது. டெலோமரேஸ் பரம்பரையலகின் ஆளிப் பகுதியில் நாலிழை மடிப்பு இருக்கிறது, அதன்மேல் டி.ஆர்.எஃப்.2 என்ற புரதம் வந்தமர்ந்து அந்தப் பரம்பரையலகை அடக்கி வைக்கிறது. பல புற்றுகளில் காணப்படும் விகாரங்கள் அந்த மடிப்பைக் குலைக்கின்றன. புரதம் விலகுகிறது, டெலோமரேஸ் விழித்துக்கொள்கிறது. மடிப்பைத் தாங்கிப் பிடிக்கும் சிறு மூலக்கூறுகளைக் கொடுத்தபோது புரதம் திரும்பி வந்து, அடக்கமும் மீண்டது. இங்கே மருந்தின் வேலை கலத்தை முறிப்பதல்ல, கெட்டுப்போன ஒரு கட்டுப்பாட்டை மீட்டுக் கொடுப்பது.

இலங்கையில் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது மார்பகப் புற்று, ஆண்களிடையே வாய்ப்புற்று. இரண்டாவதைக் குறைக்க நாலிழை மருந்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. வெற்றிலை, பாக்கு, புகையிலைச் சரையைக் கீழே வைத்தால் போதும். முதலாவதுக்கு இந்த அத்தியாயத்தின் கதை நேரடியாகப் பொருந்துகிறது. வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் சற்று நேரத்தில் போகக்கூடிய தூரத்தில், குமாரதுங்க முனிதாச வீதியில், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உயிர் இரசாயன, மூலக்கூற்று உயிரியல் நிறுவனம் இருக்கிறது. இலங்கை மார்பகப் புற்று நோயாளிகளின் பி.ஆர்.சி.ஏ.1 பரம்பரையலகை வாசித்து, அதில் அதுவரை அறியப்படாத மாற்றங்களும் இருப்பதை அங்குள்ள ஆய்வாளர்கள் 2008இல் பதிவு செய்தார்கள்.

அந்த வாசிப்பு இல்லாமல் இந்த மருந்துகளால் நமக்குப் பயனில்லை. நாளை சி.எக்ஸ்-5461ஓ அதன் வாரிசொன்றோ அனுமதி பெற்று மகரகமவுக்கு வந்தாலும், எந்த நோயாளியின் கட்டி செப்பனிடும் ஆற்றலை இழந்திருக்கிறது என்று தெரியாமல் கொடுத்தால் அது இன்னொரு சிஸ்பிளாற்றினாகவே நடந்துகொள்ளும். அந்த மருந்தை வடிவமைக்கும் ஆய்வுகூடங்கள் நம்மிடம் இல்லாமல் இருக்கலாம். யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக்கூடாது என்று சொல்லும் பரிசோதனையை இங்கேயே வளர்க்கலாம். மருந்தின் பாதி அதில்தான் இருக்கிறது.